பிறந்த கம்ப்யூட்டரின் முதல் குரலுக்கு யார் பதில் சொல்வது?



பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். கம்ப்யூட்டர் படிக்காத உறவினர்களும் படிக்கலாம். எங்கே தடுக்குமோ அங்கே நின்று விளக்கியிருக்கிறேன்.

என் தங்கை மகன் சர்வர் நிறுவும் வேலையில் இருக்கிறான். ஒரே வாடிக்கையாளருக்கு நாற்பது கிளைகள், கிளைக்கு இரண்டு சர்வர். ஒவ்வொரு ஊருக்கும் போய், மானிட்டரையும் கீபோர்டையும் மாட்டி, அதே இருபது கேள்விக்கு அதே இருபது பதிலைத் தட்ட வேண்டும். என்ன மொழி, என்ன நேர மண்டலம், டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது, பாஸ்வேர்ட் என்ன. மாதத்தில் பாதி நாள் பஸ்ஸிலும் லாட்ஜிலும் போகிறது. "தானாகவே இன்ஸ்டால் ஆகிற மாதிரி செய்யலாமே" என்றேன். "செய்யலாம் மாமா, ஆனா நெட்வொர்க் எங்க கையில இல்லையே. அவங்க ஸ்விட்ச், அவங்க ரூட்டர், அவங்க டிஎச்சிபி. ஒரு வரி மாத்தச் சொன்னா மூணு வாரம் ஆகுது" என்றான்.

இந்தப் புகாருக்கு வயது நாற்பதுக்கு மேல் ஆகிறது. இதன் வரலாறு தெரிந்தால் வழியும் தெரியும் என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படைச் சிக்கல். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டருக்குள் ஒன்றும் இல்லை. தன்னை இயக்கும் மென்பொருளை அதுவே ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் ஏற்றுவதற்கும் ஒரு மென்பொருள் வேண்டுமே? தன் தோளில் தானே ஏறும் கதை. ஆங்கிலத்தில் தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்துத் தூக்கிக்கொள்வது என்பார்கள். நாம் தினமும் சொல்லும் 'பூட் ஆகிறது' என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது. 1965-ல் வந்த பிடிபி-8 என்ற கம்ப்யூட்டரில் முன்பலகையில் வரிசையாகச் சுவிட்சுகள் இருக்கும். ஆபரேட்டர் அவற்றை மேலும் கீழுமாகத் தட்டி, சில கட்டளைகளைக் கையாலேயே நினைவகத்தில் ஏற்றுவார். அந்தச் சின்ன நிரல் காகித நாடாவைப் படிக்கும். நாடாவில் இருப்பது பெரிய நிரல். அந்த முதல் சில கட்டளைகளைப் பழக்கத்தில் விரலிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்கள் உண்டு.

பிறகு அந்த முதல் கட்டளைகளை அழியாத சில்லில் பதித்தார்கள். கை வேலை போயிற்று. ஆனால் பெரிய நிரல் எங்கிருந்து வரும்? டிஸ்க்கிலிருந்து. டிஸ்க் அன்றைக்கு யானை விலை. அதனால் 1980-களின் தொடக்கத்தில் ஒரு யோசனை வந்தது: மேசைக்கு மேசை டிஸ்க் எதற்கு? ஒரு அறையில் ஒரு பெரிய டிஸ்க் இருக்கட்டும், மற்ற கம்ப்யூட்டர்கள் கேபிள் வழியாக அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் இப்படி டிஸ்க் இல்லாத வொர்க்ஸ்டேஷன்களை நிறைய விற்றது.

இங்கேதான் நம் கதை தொடங்குகிறது. டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டரை ஆன் செய்தால் அதற்குத் தன் பெயர் தெரியாது, முகவரி தெரியாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று: நெட்வொர்க் கார்டில் தொழிற்சாலையிலேயே பொறித்த 48 பிட் எண். அதை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? புது ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிள்ளை மாதிரி, நடுவில் நின்று உரக்கக் கத்தும். "என் எண் இது. நான் யார் என்று யாருக்காவது தெரியுமா?" யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவரை நம்பும். வேறு வழி அதற்கு இல்லை.

இந்தக் கத்தலுக்கு முதலில் எழுதிய இலக்கணம் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஆர்ஏஆர்பி என்று பெயர், 1984 ஜூன் மாதம் வெளியான ஆவணம். பதிலாக ஐபி முகவரி கிடைக்கும், அவ்வளவுதான். நிரலைக் கொண்டுவர டிஎஃப்டிபி என்ற இன்னொரு முறை ஏற்கெனவே 1981-லேயே இருந்தது. டிஎஃப்டிபி-யைப் போல எளிமையான ஒன்றைக் காண்பது அரிது. பாஸ்வேர்ட் கிடையாது. கோப்பை 512 பைட் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டு அனுப்பி, "வந்தது" என்ற பதில் வந்த பிறகே அடுத்த துண்டு. கிணற்றில் ஒரே வாளியால் நீர் இறைப்பது போல. மெதுவானது. ஆனால் சிறிய சில்லுக்குள் அடங்கும். நாற்பது வருடம் ஆகியும் சர்வர்கள் பூட் ஆகும்போது இன்னும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. சின்னதாக இருப்பது எவ்வளவு பெரிய பலம் பாருங்கள்.

சன் கம்ப்யூட்டர்களில் ஒரு வேடிக்கை உண்டு. கிடைத்த ஐபி முகவரியையே பதினாறடிமானத்தில் எழுதி, அதே பெயருள்ள கோப்பைக் கேட்கும். 192.168.10.5 என்றால் 'சி0ஏ80ஏ05' என்ற கோப்பு. (என்னிடம் எண்முறை மாற்றம் படித்தவர்கள் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். "இதெல்லாம் எங்கே சார் உபயோகப்படும்" என்று கேட்டவர்கள் குறிப்பாக.)

ஆர்ஏஆர்பி-யில் ஒரு பெரிய குறை இருந்தது. அந்தக் கத்தல் ஒரு கேபிள் எல்லையைத் தாண்டாது. ரூட்டருக்கு அந்தப் பக்கம் கேட்காது. மூன்று மாடிக் கட்டிடத்தில் மாடிக்கு ஒரு நெட்வொர்க் என்றால், மாடிக்கு மாடி பதில் சொல்ல ஒரு சர்வர் உட்கார வேண்டும். இதைத் தீர்க்க அடுத்த ஆண்டே, 1985 செப்டம்பரில், ஸ்டான்ஃபோர்டின் பில் கிராஃப்டும் சன் நிறுவனத்தின் ஜான் கில்மோரும் பூட்பி என்ற முறையை எழுதினார்கள். (கில்மோர் பின்னாளில் இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனை 1990-ல் தொடங்கியவர்களில் ஒருவர்.) பூட்பி-யில் முகவரி மட்டுமல்லாமல், எந்த சர்வரிடம் எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்பதும் ஒரே பதிலில் வரும். முக்கியமாக, இடையில் இருக்கும் ரூட்டர் அந்தக் கத்தலைக் கேட்டு, அடுத்த நெட்வொர்க்கில் இருக்கும் சர்வரிடம் எடுத்துச் சொல்ல வழி வைத்தார்கள். தபால்காரர் வேலை.

அழகான தீர்வுதான். ஆனால் ரூட்டர் அப்படிச் செய்ய வேண்டுமானால், ரூட்டரில் யாராவது ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியை எழுதும் உரிமை யாருக்கு? சர்வர் வைத்திருப்பவருக்கு இல்லை, ரூட்டர் வைத்திருப்பவருக்கு. என் மருமகன் மூன்று வாரம் காத்திருப்பது இந்த ஒரு வரிக்காகத்தான். 1985-ல் போட்ட முடிச்சு.

அடுத்து டிஎச்சிபி. 1993 அக்டோபரில் முதல் ஆவணம், 1997 மார்ச்சில் இன்றைக்கும் நிற்கும் வடிவம். எழுதியவர் பக்நெல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் டிராம்ஸ். பூட்பி-யின் அதே வாசல் எண்கள், 67-ம் 68-ம், அதே வடிவம்; கூடவே முகவரியை வாடகைக்குக் கொடுக்கும் வசதி. உங்கள் வீட்டு வைஃபை உங்கள் போனுக்கு முகவரி தருவது இதன்படிதான். பூட்பி காலத்தில் யாராவது ஒவ்வொரு கார்டு எண்ணையும் பட்டியலில் எழுதி வைக்க வேண்டும். டிஎச்சிபி வந்ததும் முன்பின் தெரியாதவருக்கும் இடம் கிடைத்தது. சத்திரம் மாதிரி.

சத்திரத்துக்கு ஒரு மணியக்காரர்தான் இருக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு கல்வி நிலையத்தில், செய்முறைத் தேர்வு நாளன்று மேற்பார்வைக்குப் போயிருந்தேன். முந்தின நாள் யாரோ வீட்டு உபயோகத்துக்கான வைஃபை ரூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் இருந்த பாயின்ட்டில் செருகியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர்களை ஆன் செய்ததும் எல்லாம் வழக்கம்போலக் கத்தின. அந்தக் குட்டி ரூட்டர் பக்கத்திலேயே இருந்ததால் அதுவே முந்திக்கொண்டு பதில் சொன்னது. பாதி கம்ப்யூட்டர்களுக்கு ஒரு ஊர் முகவரி, மீதிக்கு வேறு ஊர் முகவரி. சர்வரைப் பாதிப் பேரால் பார்க்கவே முடியவில்லை. பிள்ளைகள் பயந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். காரணம் கண்டுபிடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது, தேர்வு மறுநாளுக்குப் போயிற்று.

இதைப் பார்த்த பிறகு, நெட்வொர்க் நிர்வாகிகள் ஏன் அவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. இப்போது நல்ல ஸ்விட்சுகளில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற காவல் உண்டு. குறிப்பிட்ட வாசலிலிருந்து மட்டுமே டிஎச்சிபி பதில் வரலாம்; வேறு எந்த வாசலிலிருந்து வந்தாலும் ஸ்விட்ச் அதைத் தடுத்து எறிந்துவிடும். சர்வர்காரர்கள் இதைத் திமிர் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் முதலில் பதில் சொன்னாலும் நம்பும் பிள்ளையைப் பாதுகாக்க வாசலில் ஆள் போடத்தானே வேண்டும்?

இனி தானியங்கி நிறுவல். டிஸ்க் விலை இறங்கியதும் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர்கள் குறைந்தன. ஆனால் அதே கத்தல் முறை வேறு வேலைக்குப் பயன்பட்டது: டிஸ்க்கில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை முதன்முதலாக ஏற்ற. சன் நிறுவனம் சோலாரிஸுக்கு ஜம்ப்ஸ்டார்ட் என்று ஒன்று செய்தது. கேள்விகளுக்கான பதில்களை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால் நிறுவும் நிரல் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். ரெட் ஹேட் லினக்ஸ் இதே யோசனையைக் கிக்ஸ்டார்ட் என்ற பெயரில் தந்தது. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே 1999-ல் டெபியனுக்காக எஃப்ஏஐ என்ற கருவியைத் தொடங்கினார். டெபியன் தன் நிறுவும் நிரலிலேயே ப்ரீசீட் என்ற வசதியை வைத்தது. பெயர்கள்தான் பல, எல்லாம் ஒரே விடைத்தாள்.

அந்த விடைத்தாளைக் கம்ப்யூட்டரிடம் எப்படிச் சேர்ப்பது? இன்டெல் நிறுவனம் 1999 செப்டம்பரில் வெளியிட்ட பிஎக்ஸ்இ 2.1 என்ற விதிமுறைதான் இன்றும் பெரும்பாலோர் நம்புவது. டிஎச்சிபி-யையும் டிஎஃப்டிபி-யையும் சேர்த்துத் தைத்த சட்டை அது. அதை எழுதியவர்கள் ஒரு விஷயத்தை நன்றாக யோசித்திருந்தார்கள் என்பதற்காக எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு. டிஎச்சிபி சர்வர் நம் கையில் இல்லாவிட்டால்? அதற்காகப் பதிலி டிஎச்சிபி என்று ஒன்று வைத்தார்கள். கம்ப்யூட்டர் கத்தும்போது "நான் பிஎக்ஸ்இ ஆசாமி" என்று சேர்த்துச் சொல்லும். ஊர்ப் பொது டிஎச்சிபி சர்வர் வழக்கம்போல முகவரி தரும். பக்கத்தில் இருக்கும் நம் சர்வர் முகவரி விஷயத்தில் வாய் திறக்காது. "பூட் கோப்பு என்னிடம் இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். கம்ப்யூட்டர் இரண்டு பதிலையும் சேர்த்துக்கொள்ளும். யாருடைய அமைப்பையும் மாற்ற வேண்டியதில்லை. சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன மென்பொருளிலேயே இந்த வசதி உண்டு. ஒரு பழைய லேப்டாப்பில் ஓட்டலாம்.

பிரச்சினை தீர்ந்ததா? பாதி. நம் லேப்டாப் அதே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். ஸ்விட்சில் ஸ்னூப்பிங் காவல் இருந்தால் அந்தப் பதிலும் தடுக்கப்படும். காவலுக்கு நல்ல பதில், கெட்ட பதில் என்ற பேதம் தெரியாது. அதோடு, அனுமதி கேட்காமல் அடுத்தவர் நெட்வொர்க்கில் இதை ஓட்டுவது முறையல்ல. கேட்டுவிட்டு ஓட்டுங்கள். "முகவரி எதுவும் தரமாட்டோம், பூட் கோப்பு மட்டும்தான்" என்று எழுதிக் கொடுத்தால் சம்மதிக்கும் நிர்வாகிகள் இருக்கிறார்கள்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத தொல்லை. பல ஸ்விட்சுகள், ஒரு வாசலில் புதிதாகக் கேபிள் உயிர்பெற்றால் உடனே போக்குவரத்தை விடாது. நெட்வொர்க்கில் சுழல் ஏற்படுமோ என்று பார்க்க, முதலில் 15 வினாடி கவனிக்கும், பிறகு 15 வினாடி கற்கும். ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் வகுத்த ஸ்பானிங் ட்ரீ முறையின் பழைய வடிவம் இது. நெட்வொர்க்குகள் தம்மைத் தாமே சுற்றிச் சாகாமல் இருப்பதற்கு அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் இந்த அரை நிமிடத்தில் பூட் ஆகும் கம்ப்யூட்டர் கத்திக் கத்திப் பார்த்து, பதில் வரவில்லை என்று அடங்கிவிடும். கேபிள் சரி, சர்வர் சரி, கோப்பு சரி. ஆனாலும் பூட் ஆகாது. ஸ்விட்சில் அந்த வாசலுக்கு மட்டும் காத்திருப்பை நீக்கினால் போதும், ஆனால் ஸ்விட்ச் நம்முடையதல்லவே. அப்போது ஒரு சிறிய, மலிவான சாதா ஸ்விட்சை நடுவில் வைத்தால், சர்வர் அணைந்து எழுந்தாலும் பெரிய ஸ்விட்சின் வாசல் உயிரோடு இருக்கும், காத்திருப்பு இராது. என் மருமகன் இதைக் கேட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. இரண்டு ஊரில் முழு இரவு போயிருக்கிறது அவனுக்கு, இதே காரணத்தால்தானோ என்று. இதையும் அங்குள்ள நிர்வாகியிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும், சில இடங்களில் அந்நிய ஸ்விட்சைக் கண்டால் வாசலையே மூடிவிடுவார்கள்.

சரி, நெட்வொர்க்கைக் கேட்காமலேயே ஆரம்பிக்க முடியாதா? பழைய ஆட்கள் அதையும் செய்தார்கள். 1.44 எம்பி ஃப்ளாப்பியில் கிக்ஸ்டார்ட் கோப்பை வைத்து, சிடியிலிருந்து நிறுவுவது. ஃப்ளாப்பியிலிருந்து லினக்ஸை பூட் செய்ய ஹெச். பீட்டர் ஆன்வின் எழுதிய சிஸ்லினக்ஸ் 1990-களின் பாதியிலிருந்தே இருந்தது. முகவரி, நெட்மாஸ்க், கேட்வே எல்லாவற்றையும் பூட் வரியிலேயே எழுதிவிட்டால் டிஎச்சிபி-யைத் தேட வேண்டியதே இல்லை. ஈதர்பூட் என்ற திட்டம் நெட்வொர்க் பூட் நிரலையே ஃப்ளாப்பியில் ஏற்றியது. அதன் வழிவந்த ஐபிஎக்ஸ்இ, 2010-ல் தனியாகப் பிரிந்தது, இன்று மிக வலிமையான கருவி. அதற்குள் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றைப் பொதிந்து, "முகவரி இது, எங்கோ இருக்கும் இந்த வெப் சர்வரிடமிருந்து எடு" என்று சொல்லலாம். பக்கத்து அறையில் டிஎஃப்டிபி சர்வர் தேவையில்லை. 2015-ல் வந்த யூஇஎஃப்ஐ 2.5 விதிமுறையில் தாய்ப்பலகையின் மென்பொருளே எச்டிடிபி வழியாக பூட் ஆகும் வசதி சேர்ந்தது.

மிகவும் பிடிவாதமான வழி ஒன்றைச் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்தது அது. தொலைதூர டேட்டா சென்டரில் சர்வரை வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். லினக்ஸ் போட்டுத்தான் தருவார்கள். உங்களுக்கு ஃப்ரீபிஎஸ்டி வேண்டும். அங்கே உங்களால் போக முடியாது, நெட்வொர்க் உங்களுடையதல்ல, டிஸ்க்கைத் தொட முடியாது. கையில் இருப்பது ஒரு எஸ்எஸ்ஹெச் இணைப்பு மட்டும். காலின் பெர்சிவல் என்பவர் 2003 டிசம்பரில் இதற்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். டிபெங்குவினேட்டர் என்று பெயர். பென்குயினை வெளியேற்றும் கருவி என்று குறும்பு. நினைவகத்திலேயே ஓடக்கூடிய சின்ன ஃப்ரீபிஎஸ்டி ஒன்றை, முகவரியையும் சாவியையும் உள்ளேயே வைத்துத் தயாரித்து, ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸிலிருந்தே டிஸ்க்கின் மேல் எழுதி, மறுபடி பூட் செய்வது. எழுந்தால் உள்ளே போய் மீதியை நிறுவலாம். எழாவிட்டால் டேட்டா சென்டருக்குப் போன் செய்ய வேண்டியதுதான். நிற்கும் கிளையை வெட்டிக்கொண்டே அடுத்த கிளைக்குத் தாவும் வேலை. 2005-ல் லினக்ஸ் 2.6.13 பதிப்பில் கேஎக்ஸெக் என்ற வசதி சேர்ந்தது. ஓடும் கெர்னல் இன்னொரு கெர்னலை நேராகத் தொடங்கி வைக்கும். பயாஸ் வழியாகச் சுற்றி வர வேண்டியதில்லை. நிக்ஸ்ஓஎஸ்-எனிவேர் போன்ற இன்றைய கருவிகள் இதை வைத்துத்தான் தொலைவிலிருந்து முழு சிஸ்டத்தையும் மாற்றுகின்றன.

பெரிய சர்வர்களில் இன்னொரு பாதை உண்டு. முதன்மைக் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் விழித்திருக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் தாய்ப்பலகையிலேயே இருக்கும். 1998-ல் இன்டெல், ஹெச்பி, என்இசி, டெல் சேர்ந்து ஐபிஎம்ஐ என்று இதற்கு விதி வகுத்தார்கள். 2015-ல் ரெட்ஃபிஷ் வந்தது. இதன் மூலம் உங்கள் ஊரில் இருக்கும் சிடி கோப்பை அந்த சர்வருக்குள் செருகியது போலக் காட்டலாம். அருமையான வசதி. ஆனால் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்கும் ஒரு கேபிள் வேண்டும், ஒரு முகவரி வேண்டும். யாருடைய நெட்வொர்க்கில்? மறுபடி அதே கதவு. (அதன் ஆரம்ப பாஸ்வேர்டை மாற்றாமல் விடுபவர்களைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம், ரத்த அழுத்தம் காரணமாக இப்போது வேண்டாம்.)

2006 ஆகஸ்டில் அமேசான் ஈசி2 வந்தபோது பலர் இந்தக் கதை முடிந்தது என்று நினைத்தார்கள். அங்கே வாடிக்கையாளர் நெட்வொர்க்கின் அடித்தளத்தைத் தொடவே முடியாது, தொட வேண்டிய தேவையும் இல்லை. ஏற்கெனவே நிறுவிய பிம்பம் எழும், எழுந்ததும் 169.254.169.254 என்ற முகவரியில் போய் "நான் யார்?" என்று கேட்கும். அதே பஸ் ஸ்டாண்ட் கேள்விதான். பெயர், சாவி, ஸ்கிரிப்ட் எல்லாம் அங்கே கிடைக்கும். உபுண்டுகாரர்கள் தொடங்கிய கிளவுட்-இனிட் அதை வாங்கிச் செய்து முடிக்கும்.

கேட்பவர் யார் என்று பாராமல் பதில் சொல்லும் இடம் என்பதால், பழைய ஆபத்தும் கூடவே வந்தது. 2019-ல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில், தவறாக அமைத்த ஒரு காவல் மென்பொருளை ஏமாற்றி அந்த முகவரியைக் கேட்க வைத்தார் ஒருவர். தற்காலிகச் சாவி கிடைத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 கோடிப் பேரின் விவரம் வெளியே போனது. அதே ஆண்டு நவம்பரில் அமேசான், முதலில் ஒரு டோக்கன் வாங்கிக் காட்டினால்தான் பதில் என்று புது முறையைக் கொண்டுவந்தது.

ஆக, மருமகனுக்கு நான் சொன்ன வழி நவீனமானதே அல்ல. ஃப்ளாப்பி காலத்து வழி. விடைத்தாளை நெட்வொர்க்கில் தேடாமல் பையிலேயே கொடுத்து அனுப்புவது. சுவாரசியம் என்னவென்றால், இன்றைய கருவிகளே இதற்கு வழி வைத்திருக்கின்றன. பென்டிரைவுக்கு 'ஓஇஎம்டிஆர்வி' என்று பெயரிட்டு உள்ளே கிக்ஸ்டார்ட் கோப்பை வைத்தால் ரெட் ஹேட் நிறுவும் நிரல் தானாகவே எடுத்துக்கொள்ளும். 'சிஐடேட்டா' என்று பெயரிட்டால் கிளவுட்-இனிட் எடுத்துக்கொள்ளும், 20.04 பதிப்பிலிருந்து உபுண்டு சர்வரையும் அப்படி நிறுவலாம். தேவையான பேக்கேஜ்கள் எல்லாம் பென்டிரைவிலேயே இருக்கட்டும். நிறுவி முடியும்வரை நெட்வொர்க்கை நம்பவே வேண்டாம். முடிந்த பிறகு சர்வரே வெளியே, வெப் போகும் 443 வாசல் வழியாக, தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டு "எழுந்துவிட்டேன், மீதி வேலை என்ன?" என்று கேட்கட்டும். உள்ளே வர அனுமதி கேட்டால்தான் மூன்று வாரம். வெளியே போவதற்கு அநேகமாக எல்லா இடத்திலும் வழி இருக்கும். கிளை நிர்வாகியிடம் கேட்க வேண்டியது இரண்டு முகவரிகள் மட்டும்.

இதில் எண்பது சர்வருக்கு எண்பது பென்டிரைவ் வேண்டாம். சர்வரின் சீரியல் எண்ணைத் தாய்ப்பலகையிலிருந்தே படிக்கலாம். ஒரே பென்டிரைவில் எண்பது வரிப் பட்டியல். இந்த சீரியல் எண் என்றால் இந்தப் பெயர், இந்த முகவரி. நிறுவுவதற்கு முன் ஓடும் ஸ்கிரிப்ட் அந்த வரியைத் தேடி எடுக்கும். கிளையில் இருக்கும் ஒரு அலுவலக உதவியாளர் செருகி ஆன் செய்தால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்கிறேன். இப்படித் தயாரித்த பென்டிரைவ் ஆயுதம் மாதிரி. கேள்வி கேட்காமல் டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவும். அதுதான் அதன் வேலை. கணக்குப் பிரிவுக் கம்ப்யூட்டரில் யாராவது "இதில் என்ன இருக்கிறது பார்ப்போம்" என்று செருகி, பூட்டும் ஆகிவிட்டால் பத்து வருடக் கணக்கு போய்விடும். ஆகவே சீரியல் எண் பட்டியலில் இல்லை என்றால் டிஸ்க்கைத் தொடாமல் நிற்க வேண்டும். பட்டியலில் இருந்து, டிஸ்க்கில் ஏற்கெனவே தகவல் இருந்தாலும் நிற்க வேண்டும். இந்த இரண்டு சோதனையும் அழிக்கும் வரிக்கு முன்னால் வர வேண்டும். இரண்டாவது, விடைத்தாளில் உண்மையான பாஸ்வேர்டை எழுதாதீர்கள். பென்டிரைவ் பஸ்ஸில் விழும், லாட்ஜில் மறக்கும். ஒரே ஒரு முறை செல்லும், சில நாளில் காலாவதியாகும் டோக்கனை வைத்து, முதல் அழைப்பு வந்ததும் தலைமை அலுவலகம் நிரந்தரச் சாவியைக் கொடுக்கும்படி செய்யுங்கள். முதல் அழைப்பில் தலைமை அலுவலகத்தின் சான்றிதழையும் சர்வர் சரிபார்க்க வேண்டும், அந்தச் சான்றிதழும் பென்டிரைவிலேயே போகட்டும். அப்போதுதான் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பிள்ளை முதலில் கூப்பிட்டவர் கையைப் பிடித்துக்கொண்டு போகாது.

நெட்வொர்க் பிரிவில் இருக்கும் என் பழைய மாணவர்கள் நாலைந்து பேராவது இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் இடத்தில் ஒருவர் பதிலி டிஎச்சிபி-க்கு அனுமதி கேட்டு வந்தால் என்னென்ன நிபந்தனை போடுவீர்கள் என்று எழுதுங்கள், அந்தப் பட்டியலை மருமகனிடம் கொடுக்க வேண்டும். சீரியல் எண் பார்த்து நிற்கும் மாதிரி ஸ்கிரிப்ட் வேண்டுபவர்கள் தனியாகக் கேளுங்கள், அனுப்புகிறேன். முதலில் வீட்டில் இருக்கும் பழைய, காலி டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.